தலைதட்டிய இரண்டு யூனிட்

எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான். குன்றாண்டார்கோவிலிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு கல் கிரஷரில், எடைமேடைக்கு ஒட்டிய அறையில் அந்த நாற்காலி இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே டிப்பர் லாரி மேடையில் ஏறி நிற்கும். கணினியில் எடை விழும். வண்டி எண், ஊர், வாங்குபவர் பெயர் எல்லாம் அடித்து, ரசீதையும் அரசாங்க நடைச்சீட்டையும் எடுத்து டிரைவர் கையில் கொடுப்பேன். நடைச்சீட்டு இல்லாமல் வண்டி சாலைக்குப் போகக் கூடாது. போனால் பறிமுதல்.

மேசையை எத்தனை முறை துடைத்தாலும் கல்தூசி படியும். முடியில், சாப்பாட்டில், மூச்சில் எல்லாம் தூசிதான். ஆனாலும் ரசீதின் அடியில் என் பெயர் அச்சாகி வருவதைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு நிமிர்வு வரும். அதை நான் மறைத்ததில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்துப் போட வராது. வங்கியில் கைநாட்டு வைக்க விரலை மையில் அமுக்கும்போதெல்லாம் இருவரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். நான் புதுக்கோட்டையில் பி.காம். முடித்தவள். ஊரில் என்னைக் 'கம்ப்யூட்டரு' என்று கேலியாகக் கூப்பிட ஆரம்பித்து, பிறகு அதுவே பெயராகிவிட்டது.

எங்களுக்கு அரசாங்க வீடு கிடைத்த வருடம் அது. பழைய கூரை வீட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் கட்டினோம். வேறு இடம் கிடையாது. பக்கத்தில் தார்ப்பாய் கட்டி மூன்று பேரும் அதற்குள் இருந்தோம். அடித்தளம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழுந்தால் ஒரு தவணை, மேல்தளம் போட்டால் ஒரு தவணை என்று அரசாங்கப் பணம் வரும். அது போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மீதி என் சம்பளம், அம்மாவின் ஆடுகள். பங்குனியில் சுவர் எழுந்து நின்றது. சித்திரையில் தளம் போட்டுவிடலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். மழைக்கு முன் தலைக்கு மேல் தளம் இருக்க வேண்டும். அவளுக்கு அந்த வருடம் வேறு கவலையே இல்லை.

அந்தச் சித்திரையில்தான் கல் எடுக்கும் நிலத்துக்கு மாநில அரசின் புது வரி வந்தது. அதுவரை கல்லுக்கு அரசாங்கம் வாங்கிய கட்டணமெல்லாம் கனஅளவுக் கணக்கு. புது வரி டன் கணக்கு. கிரஷர்காரர்கள் கட்ட முடியாது என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்கள் கிரஷரும் நின்றது. தூசி அடங்கி, முதல் முறையாகப் பாறையின் நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. நான் தினமும் போய் மூடிய எடைமேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சுவார்த்தை நடந்தது. வரியில் கொஞ்சம் குறைத்தார்கள். நிறுத்தம் முடிந்து எந்திரங்கள் ஓட ஆரம்பித்த அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டுப் புது விலையைச் சொன்னார். நான் கணினியில் மாற்றினேன். வரி ஏறிய அளவைவிட விலை அதிகம் ஏறியிருந்தது. எனக்கு அந்தக் கணக்குப் போடத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"என்ன அப்புடிப் பாக்குற?" என்றார். "டீசல் ஏறலயா? வெடிமருந்து ஏறலயா? ஜி.எஸ்.டி., வருமான வரி, இப்ப இது. நானா கட்டுறேன்? நான் வாங்கிக் குடுக்குறவன்தான்ம்மா."

அவர் சொன்னது பொய்யில்லை. அவர் லாரிக்காரரிடம் ஏற்றினார். லாரிக்காரர் வாடகையோடு சேர்த்து மேஸ்திரியிடம் ஏற்றினார். மேஸ்திரி சதுர அடிக் கூலியில் ஏற்றினார். ஒவ்வொருவருக்கும் கீழே கைமாற்றிவிட ஒருவர் இருந்தார். கடைசியில் நிற்பவர் அதைத் தன் சுவருக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த வருடம் அப்படிக் கடைசியில் நின்றவர்களில் நாங்களும் ஒரு வீடு.

அப்பா விலையைக் கேட்டுவிட்டு, கொஞ்ச நாள் போகட்டும், இறங்கும் என்றார். இறங்கவில்லை. வைகாசியும் ஆனியும் போயின. ஆடியில் எங்கள் பக்கம் தளம் போட மாட்டார்கள். ஆவணியில் இன்னொரு செய்தி வந்தது. சிமெண்டுக்கு மத்திய அரசு வரியைக் குறைக்கப் போகிறது. டீக்கடையில் கேட்டுவிட்டு அப்பா வேகமாக வந்தார்.

"ஆத்தா, சிமிட்டிக்கு வரி கொறையுதாமே, மெய்யா?" மகளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"மெய்தான்ப்பா. அடுத்த மாசம்."

"அப்ப ஜல்லியில விட்டத சிமிட்டியில புடிச்சிரலாம்ல?"

அம்மா தார்ப்பாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "புடிக்கிறீக புடிக்கிறீக, கடைசியில மழையத்தான் புடிக்கப் போறீக. இருக்குற வெலைக்கு வாங்கிப் போடுங்கன்னா கேக்குறாகளா?"

"ஒனக்கென்னடி தெரியும்? மூட்டைக்கு மூட்டை மிச்சம்."

காத்திருந்தோம். புரட்டாசியில் வரி குறைந்தது. கீரனூர்க் கடைக்காரர் முதலில் பழைய சரக்கு என்றார். பிறகு குறைத்தார். ஆயுத பூஜை போவதற்குள் கம்பெனி விலை ஏற்றிவிட்டது என்று மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். நாங்கள் வாங்கியபோது மூட்டைக்குக் கிடைத்த மிச்சத்தில், அத்தனை மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்ததற்கு ஒரு புதுத் தார்ப்பாய்கூட வாங்க முடியாது.

தளத்துக்கு மேஸ்திரி என் அம்மாவுக்குத் தம்பி முறை. எனக்கு மாமா. சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு அவர் போட்ட தளம்தான். கம்பி கட்டி முடித்து, சாரத்தின் மேல் நின்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, "முக்கா இஞ்சு ஜல்லி ரெண்டு யூனிட் சொல்லிரு மருமவளே" என்றார். இங்கே எல்லோரும் ஜல்லியை யூனிட்டில்தான் பேசுவார்கள். நூறு கனஅடி ஒரு யூனிட். நான் மறுநாள் கிரஷரில் எங்கள் வீட்டுக்கான லோடை நானே எடை போட்டேன். இரண்டு யூனிட்டுக்கு எத்தனை டன்னோ அத்தனை டன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாங்குபவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை அடித்தேன். கைநாட்டு வைத்தே பழகிய ஒருவரின் பெயர் அச்செழுத்தில் வந்தது. அந்த ரசீதை டிரைவரிடம் கொடுக்காமல் என் பையில் வைத்துக்கொண்டு, நகல் ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

புது வரிக்குப் பிறகு கிரஷரில் ஒரு பழக்கம் மாறியிருந்தது. முன்பெல்லாம் லாரியின் தொட்டி நிறைந்த பிறகும், அள்ளிப் போடும் எந்திரக்காரர் இன்னொரு வாளி கொட்டி மேலே கோபுரம் மாதிரி நிறுத்துவார். அதற்குக் காசு கிடையாது. கல்லுக்குப் பஞ்சமா என்ற தாராளம். டன்னுக்கு வரி வந்த பிறகு அந்தக் கோபுரத்துக்கும் வரி உண்டு என்றாகிவிட்டது. முதலாளி ஒரு முறை சத்தம் போட்டார், அவ்வளவுதான். அதன் பிறகு வாளியைக் கவிழ்த்து மேல்புறத்தைத் தட்டி, நெல் அளக்கும்போது தலைதட்டுவது போல மட்டமாக்கித்தான் அனுப்பினார்கள். ஜன்னல் வழியாகத் தினமும் பார்த்தேன். எனக்கு அது ஒழுங்காகத்தான் பட்டது. ரசீதில் என்ன இருக்கிறதோ அதுவே வண்டியிலும் இருந்தது.

தளம் போட ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். வானம் மூடாக இருந்தாலும் காலை வரை மழை இல்லை. தீபாவளி நெருக்கம். அடுத்த வாரம் ஆள் கிடைக்காது. கலவை மெஷின் சத்தத்துக்கு மேல் மாமாவின் சத்தம் கேட்டது. ஏணியில் வரிசையாக நின்று பெண்கள் சட்டி மாற்றினார்கள். நானும் சுடிதார் மேல் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன்.

"கம்ப்யூட்டரு, பாத்து வாங்கு. சட்டியில பட்டன் இருக்காது" என்றாள் எனக்கு மேல்படியில் நின்றவள்.

"அவ கையில சிமிட்டி பட்டா கரண்டு கிரண்டு அடிச்சிரப் போகுதுடி" என்றாள் இன்னொருத்தி.

"அடிச்சா ஒங்க ரெண்டு பேருக்குந்தான் முதல்ல அடிக்கும். எனக்குக் கீழ எர்த்து இருக்கு" என்று கீழே நின்ற அம்மாவைக் காட்டினேன். ஏணியே சிரித்தது. அம்மா அந்த வருடம் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கறிச்சோறு சாப்பிட்டு மறுபடி வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மாமா மேலிருந்து எட்டிப் பார்த்தார். கீழே ஜல்லிக் குவியல் இருந்த இடத்தில் தரை தெரிந்தது.

"என்ன மச்சான், அம்புட்டுத்தானா? மிச்சம் எங்கிட்டுக் கொட்டிருக்கீக?"

அப்பா விழித்தார். "எல்லாம் இங்கிட்டுத்தான் கொட்டுச்சு. வேற எங்க?"

"அடுப்படிக்கு மேல முழுசும் போடாமக் கெடக்கே!"

நான் சொன்னேன், "மாமா, ரெண்டு யூனிட் சரியா வந்திருக்கு. நானே நின்னு எடை போட்டேன்."

"எடைய வச்சு நான் என்ன பண்றது மருமவளே? லோடுன்னா மேல கோபுரமா நிக்கும். எத்தன வருசமா அப்புடித்தான வருது. அதச் சேத்துத்தான் ரெண்டுன்னு சொன்னேன்."

"சேத்துன்னு சொல்லலயே."

"நான் என்னைக்குச் சொல்லிருக்கேன்? யாரு கேட்டா?"

அவர் வாயில் இத்தனை வருடமாக இரண்டு யூனிட் என்பது இரண்டும் அதற்கு மேலே நின்ற கோபுரமும்தான். என் கணினியில் இரண்டு என்றால் இரண்டு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் தளம் என்பது ஒரே மூச்சில் போட வேண்டியது. பாதியில் நிறுத்தி மறுநாள் ஒட்டினால், பழைய கான்கிரீட்டும் புதிய கான்கிரீட்டும் ஒன்றாகச் சேராது. ஒட்டுப் போட்ட இடம் தண்ணீருக்கு வழி. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அம்மா கூடையை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் போனாள். முன்பு எங்கள் தெருவில் வீடு கட்டி மிஞ்சிய ஜல்லி வாசலிலேயே கிடக்கும். பிள்ளைகள் ஏறி விளையாடும், வேண்டியவர் அள்ளிக்கொள்வார்கள். இப்போது அவரவர் குவியலைச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். நான் பின்னால் போனபோது மூன்றாவது வீட்டுக்காரி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப் போறேன்? ஆனா மழ விட்டதும் நாங்க கக்கூசு கட்டணும்க்கா. இப்ப விக்கிற வெலைக்கு மறுக்கா வாங்க முடியுமா, நீயே சொல்லு. ரெண்டு கூடை எடுத்துக்க. அதுக்கு மேல அவரு வைவாரு."

அம்மா இரண்டு கூடை எடுத்துக்கொண்டாள். இன்னும் நான்கைந்து வீடுகளில் அதே கதை. சேர்ந்தது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. நான் என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிரஷருக்குப் போனேன்.

ஞாயிறு என்பதால் எந்திரம் ஓடவில்லை. முதலாளி வேப்பமரத்தடியில் காரில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். ஒரு டிப்பர் நின்றது. அதன் டிரைவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். மதியச் சாப்பாட்டை என் அறையில் வைத்துச் சாப்பிடும் மனிதர். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள் அவருக்கு. மூத்தவளுக்குக் கணக்கு வராது என்று என்னிடம் சந்தேகம் எழுதிக் கொடுத்தனுப்புவார்.

விஷயத்தைச் சொன்னேன். முதலாளி நெற்றியைத் தடவினார்.

"பெர்மிட்டு நேத்தே தீந்துபோச்சேம்மா. கடைசிச் சீட்ட நீதான எடுத்த?"

"ஆமாங்கய்யா."

தெரிந்துதான் வந்திருந்தேன். முன்கூட்டி வரி கட்டினால்தான் நடைச்சீட்டு எடுக்க அனுமதி வரும். புது வரி வந்ததிலிருந்து முதலாளி மொத்தமாகக் கட்டுவதை விட்டு அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்தது திங்கட்கிழமைதான்.

முதலாளி போனைச் சட்டைப்பையில் போட்டார். "ஒங்க வீட்டுக்குத்தான? அரை யூனிட்டு. காசும் வேணாம், சீட்டும் வேணாம். போட்டு விடுறேன். மெயின் ரோட்டுல ஏறாம கம்மாக்கரை வழியா போயிரலாம்" என்று சொல்லிவிட்டு டிரைவரைப் பார்த்தார். "என்னப்பா?"

டிரைவர் எழுந்து கையைத் துடைத்தார். "பாப்பா சொன்னாப் போறேங்க" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குச் சில வாரம் முன்பு இதே மாதிரி சீட்டு இல்லாமல் போன வேறொரு கிரஷரின் வண்டியைப் பிடித்திருந்தார்கள். முதலாளி முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தார். உள்ளே போனது வண்டியில் உட்கார்ந்திருந்தவர்தான். அந்தக் கதையை என் அறையில் சோற்றைப் பிசைந்துகொண்டே எனக்குச் சொன்னது இந்த டிரைவர்தான்.

அங்கே வீட்டில் மெஷின் நின்றிருக்கும். மாமா வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா கூடையோடு நிற்பாள்.

"வேணாங்கய்யா" என்றேன்.

"படிச்ச பிள்ளைக்கு ரோசத்தப் பாரு. சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டேங்குது."

"ரோசம் இல்லீங்கய்யா. நீங்களோ நானோ வண்டியில போகலைல்ல."

அவர் சிரிக்கவில்லை. கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். டிரைவர் மறுபடி சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். திரும்பி வரும் வழியில் கண்மாய்க்கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. அரை யூனிட் அல்ல, பத்து யூனிட்டே போயிருக்கலாம். அன்று யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். இப்போதும் அந்த வழியில் போகும்போது அது நினைவுக்கு வரும். மறுபடி கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன். அதனால் மனம் லேசாகிவிடுவதில்லை.

நான் வெறுங்கையோடு வந்து சேர்ந்தேன். மாமா இருந்த கலவையை அடுப்படியின் வெளிச்சுவர் வரைக்கும் இழுக்கப் பார்த்து, முடியாமல், ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து ஈரச்சாக்குப் போட்டு மூடினார். பெண்கள் கை கழுவிக்கொண்டு கூலி வாங்கிப் போனார்கள். மாலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை முதலாளி வரி கட்டியதும், முதல் நடைச்சீட்டை எங்கள் வீட்டுக்குத்தான் எடுத்தேன். ஜல்லி வந்து மழையில் நனைந்து கிடந்தது. மழை விட்ட பிறகுதான் அடுப்படிக்கு மேலே தளம் போட்டோம்.

தளம் இறுக, மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். அப்போதே தெரிந்துவிட்டது. பலகையைப் பிரித்தபோது அடுப்படியின் மேல், சுவருக்குச் சுவர், கறுப்பாக ஒரு கோடு ஓடியது. கோட்டின் வழியெல்லாம் சொட்டுகள் வரிசையாக நின்றன. மாமா ஒழுகலுக்குப் பூசும் பவுடர் வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். அந்த ரசீதிலும் மத்திய வரி தனியாக, மாநில வரி தனியாக அச்சாகியிருந்தது. பூசினோம். இரண்டு மழை தாங்கியது. மூன்றாவது மழையில் வேறு இடத்தில் வழி கண்டுபிடித்துக்கொண்டது.

"இதுக்கு மேல ஒரு தகரக் கொட்டாய் போட்டுருங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "மச்சு வீட்டுக்குக் கூரை போட்ட முதல் ஆளு நீங்கதான்னு பேரு வாங்கிரலாம்." அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். தகரத்தின் விலையை மறுநாள் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓவர்சியர் வந்தார். வீட்டுக்கு முன்னால் அப்பாவையும் அம்மாவையும் நிறுத்திப் போனில் படம் பிடித்தார். உள்ளே வந்து நிமிர்ந்து பார்த்தார். அன்று வெயில். கோடு காய்ந்திருந்தது. மேல்தளம் முடிந்தது என்று பதிந்துவிட்டுப் போனார். தவணை வந்தது. அரசாங்கக் கணக்கில் எங்கள் வீடு முழுமையான வீடு.

அம்மாவின் கூடப்பிறந்த தம்பிகள் மணமேல்குடிப் பக்கம் இருக்கிறார்கள். அக்கா வீட்டுக்குச் சீர் கொண்டுவர வேண்டும் என்று பித்தளைக் குடம், அண்டா எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, பால் காய்ச்சும் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா யாருக்கும் சொல்லவில்லை. கார்த்திகையில் ஒரு முகூர்த்த நாள் காலையில், வெளியே மழை பெய்துகொண்டிருக்க, எங்கள் இருவரையும் மட்டும் எழுப்பினாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை முன்னறையின் நடுவில் வைத்தாள்.

"அடுப்படியிலல்ல காய்ச்சணும்?" என்றார் அப்பா.

"அங்க அடுப்பு நிக்காது" என்றாள். உள்ளே சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பால் பொங்கியது. மூன்று டம்ளரில் ஊற்றினாள். குடிக்கப் போகும்போது என் போன் அடித்தது. சின்ன மாமா. ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் நீட்டினேன்.

"என்னக்கா, எப்பத்தான் பால் காய்ச்சப் போறீக? அண்டா இங்க எடத்த அடச்சுக்கிட்டுக் கெடக்கு. தேதியச் சொல்லு, வேன் சொல்லணும்ல."

டம்ளர் அம்மாவின் கையில் இருந்தது. ஆவி அவள் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

"தளம் இன்னும் காயலடா" என்றாள். "நல்லாக் காயட்டும். சொல்லிவிடுறேன்."

போனை வைத்ததும் தன் டம்ளரை என் பக்கம் தள்ளினாள்.

"நீயே இதையும் குடி" என்றாள். "எனக்கு வேணாம்."